ஆக்டிவா, பாசிவா? அப்பா அம்மாவுக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு



இந்த மாதம் மட்டும் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் ஓசூரில் வேலை பார்க்கும் மாணவர். ஒருவர் சிங்கப்பூரில் இருக்கும் மாணவி. மூன்றாவது என் தங்கை மகன். "அப்பா பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் வாங்கித் தரணும். ஆக்டிவ் வாங்கவா, பாசிவ் வாங்கவா?" ஆளுக்கு ஆள் போனில் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் உதவும் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வரி வரைக்கும் காக்க வைக்காமல் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேத்தியாத்தோப்பு, புவனகிரி, வடலூர், காட்டுமன்னார்கோவில் மாதிரி ஊர்களில், சொந்த வீட்டில், பத்துப் பதினைந்து வருஷம் ஓட வேண்டிய செட் என்றால் பாசிவ் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் தனி ஆம்பிளிஃபயரும் வாங்குங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை அறையில் உங்களுக்காக வாங்குகிறீர்கள் என்றால் ஆக்டிவ் வாங்கலாம். ஏன் இப்படி இரண்டாகப் பிரிக்கிறேன் என்பதுதான் இந்தப் பதிவு.

ஆக்டிவ், பாசிவ் என்றதும் உங்களில் பலருக்கு இங்கிலீஷ் கிராமர் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும். செய்வினை, செயப்பாட்டுவினைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. விஷயம் எளிது. பாட்டு வரும் இடத்தில், அது போனோ டிவியோ சிடி பிளேயரோ, மின் சமிக்ஞை மிகச் சிறியது. அதனால் ஸ்பீக்கர் கூம்பை அசைக்க முடியாது. அதைப் பெரிதாக்க ஆம்பிளிஃபயர் வேண்டும். அந்த ஆம்பிளிஃபயர் தனிப் பெட்டியாக இருந்து, அங்கிருந்து ஒயர் இழுத்து ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் அது பாசிவ். ஆம்பிளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே இருந்தால் அது ஆக்டிவ். பாசிவ் பெட்டிக்குக் கரண்டு பிளக் கிடையாது. ஆக்டிவ் பெட்டிக்கு உண்டு.

இது ஏதோ புது நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். இன்று நாம் பயன்படுத்தும் காயில் வைத்த கூம்பு ஸ்பீக்கரை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-ல் வடிவமைத்தார்கள். அடுத்த வருஷமே ஆர்.சி.ஏ. அதை ரேடியோலா 104 என்ற பெயரில் விற்றது. அந்தப் பெட்டிக்குள்ளேயே ஆம்பிளிஃபயர் இருந்தது. நம் வீடுகளில் இருந்த வால்வு ரேடியோவும், துபாயிலிருந்து வந்திறங்கிய டூ-இன்-ஒன்னும் ஒரே பெட்டிக்குள் எல்லாம் அடங்கியவைதான். தனித்தனியாக வைப்பதுதான் வீடுகளுக்குப் பிறகு வந்த பழக்கம்.

இனி கொஞ்சம் உள்ளே போவோம். நல்ல ஸ்பீக்கர் பெட்டியில் இரண்டு கூம்புகளாவது இருக்கும். பெரியது வூஃபர், தவில், மிருதங்கம், பேஸ் கிட்டாருக்கு. சின்னது ட்வீட்டர், ஜால்ரா, குரலின் கூர்மை, நாதஸ்வரத்தின் பளபளப்புக்கு. வரும் ஒலியைக் கீழ் ஸ்தாயி, மேல் ஸ்தாயி என்று பிரித்து இரண்டுக்கும் அனுப்பும் வேலையைச் செய்வது கிராஸ்ஓவர். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் உண்மையான வித்தியாசம்.

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். வாய்க்காலில் முழுத் தண்ணீரும் வந்து, வயல் வரப்பில் மடை வைத்துப் பிரித்துக்கொள்வது ஒரு முறை. தலைமதகிலேயே அளந்து பிரித்து, ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் விடுவது இன்னொரு முறை. பாசிவ் பெட்டியில் ஆம்பிளிஃபயர் முழு பலத்தோடு அனுப்பியதைக் காயிலும் கண்டென்சரும் கடைசியில் பிரிக்கின்றன. அந்தக் காயிலுக்கே ஒரு மின்தடை உண்டு, அதில் கொஞ்சம் வீணாகும். சரியான ஆக்டிவ் பெட்டியில் சமிக்ஞை சிறியதாக இருக்கும்போதே பிரித்துவிடுவார்கள். பிறகு வூஃபருக்கு ஒரு ஆம்பிளிஃபயர், ட்வீட்டருக்கு ஒரு ஆம்பிளிஃபயர். தலைமதகு முறை. வீணாவது குறைவு, கட்டுப்பாடு அதிகம்.

அதனால் நேர்மையாகச் சொல்கிறேன், பொறியியல் கணக்கில் ஆக்டிவ் உயர்ந்ததுதான். கூம்பைச் செய்தவரே அதற்கேற்ற ஆம்பிளிஃபயரையும் தேர்ந்தெடுக்கிறார். அளவு மீறினால் ட்வீட்டர் எரியாமல் காக்கும் சுற்று வைக்கலாம். சின்னப் பெட்டியிலும் பேஸ் வரும்படி திருத்தலாம். பின்லாந்தில் 1978-ல் ஜெனலெக் கம்பெனி தொடங்கியபோது அந்நாட்டு வானொலிக்காக ஆக்டிவ் ஸ்பீக்கரைத்தான் செய்து கொடுத்தது. இன்று உலகமெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் அதிகம் இருப்பது ஆக்டிவ்தான். நம் நாட்டில் கொல்கத்தாவின் சோனோடைன் கம்பெனியும் ஸ்டுடியோக்களுக்கென்று ஆக்டிவ் பெட்டிகள் செய்கிறது.

பிறகு ஏன் பாசிவ் என்கிறேன்? ஒலிப்பதிவுக் கூடம் வேறு, நம் வீடு வேறு. அங்கே சீரான கரண்டு, எர்த், குளிர்ந்த அறை, கெட்டால் ஓடிவர ஒரு ஆள், எல்லாம் உண்டு. நம் வீட்டில் இருப்பது அறுபத்தெட்டு வயது அப்பாவும், டிவிக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பிளக் பாயிண்டும்.

முதலில் கடையில் நடக்கும் ஒரு பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். 'ஆக்டிவ்' என்று விற்பதில் பலவும் நான் மேலே சொன்ன ஆக்டிவ் அல்ல. வலது பெட்டிக்குள் ஒரே ஒரு ஸ்டீரியோ ஆம்பிளிஃபயர் போர்டு இருக்கும். அதிலிருந்து ஒரு ஒயர் இடது பெட்டிக்குப் போகும். இடது பெட்டி வெறும் பாசிவ். உள்ளே பிரிக்கும் வேலையைச் செய்வதும் அதே பழைய காயில், கண்டென்சர்தான். இதற்குச் சரியான பெயர் 'பவர்டு' ஸ்பீக்கர். தலைமதகு முறையின் நன்மை எதுவும் இதில் இல்லை, ஆனால் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பதன் தொல்லை முழுக்க உண்டு. அடையாளம் எளிது. இரண்டு பெட்டிக்கும் தனித்தனிக் கரண்டு ஒயர் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஆம்பிளிஃபயர் இருக்கிறது என்று பொருள். ஒரு பெட்டிக்கு மட்டும் இருந்தால், விவரப் பட்டியலில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனி வாட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பவர்டுதான்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு நடப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பெரியப்பா மகன் அண்ணன், நெய்வேலி சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூரில் வீடு கட்டிக் குடியேறினார். அண்ணி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே பற்று காலையில் நாதஸ்வரம், ராத்திரியில் சீர்காழி கோவிந்தராஜன். மகன் பெங்களூரிலிருந்து அருமையான ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி அனுப்பினான், பவர்டு வகை. ஒன்றரை வருஷம் நன்றாகப் பாடியது. ஒரு மழை ராத்திரி தெருவில் நியூட்ரல் ஒயர் அறுந்தது. வலது பெட்டி போய்விட்டது. இடது பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை, ஆனால் அதைப் பாட வைக்கும் போர்டு வலதில் அல்லவா இருக்கிறது? இரண்டுமே ஊமை. கம்பெனி சர்வீஸில் கேட்டால், வாரண்டி முடிந்தது, அந்த மாடல் நின்றுவிட்டது, போர்டு வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில்.

மகன் புதிது அனுப்புகிறேன் என்றான். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொரு முறை செலவு வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நான்கு மாதம் அந்த வீட்டில் பாட்டு இல்லை. போனில் வைத்துக் கேட்டால் போதுமே என்று நாம் சொல்வோம். அவர் கேட்பதை நிறுத்தியே விட்டார். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் இதை மனதில் வாங்க வேண்டும். ஒரு பொருள் கெட்டால் வயதானவர்கள் மாற்றுவதில்லை, அது இல்லாமல் வாழப் பழகிக்கொள்கிறார்கள். நம்மிடம் சொல்லவும் மாட்டார்கள்.

கடைசியில் அதைச் சரி செய்தது நம் ஊர் கடைவீதியில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் ஒருவர். அவரும் என் மாணவர்தான். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "டீச்சர், கூம்பு ரெண்டும் நல்லா இருக்கு, கிராஸ்ஓவரும் இருக்கு. போர்டைக் கழட்டிட்டு ஒயரை வெளியே எடுத்துடலாம்" என்றார். எரிந்த போர்டைப் பிரித்து, பின்னால் இரண்டு டெர்மினல் வைத்து, பவர்டை பாசிவ் ஆக்கிவிட்டார். ஒரு சாதாரண ஆம்பிளிஃபயரில் இணைத்தோம். இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கூம்புக்கும் தனி ஆம்பிளிஃபயர் வைத்த உண்மையான ஆக்டிவ் பெட்டியாக இருந்திருந்தால் இந்த வைத்தியம் இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது. அதில் பிரிக்கும் வேலையே போர்டில் அல்லவா இருக்கிறது? போர்டு போனால் பெட்டி வெறும் மரம்.

இதிலிருந்து என் முதல் காரணம் புரிந்திருக்கும். ஸ்பீக்கர் கூம்பின் ஆயுள் வேறு, ஆம்பிளிஃபயரின் ஆயுள் வேறு, ப்ளூடூத், வைஃபை, ஆப் இவற்றின் ஆயுள் வேறு. நல்ல பேப்பர் கூம்பு, ரப்பர் விளிம்பு என்றால் இருபது, முப்பது வருஷம் போகும். ஆம்பிளிஃபயரில் கண்டென்சர் காய்ந்துபோகும், பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரு பழுது வரும். வயர்லெஸ் சமாசாரம் ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து ஒட்டினால், முதலில் சாகும் உறுப்போடு மற்ற இரண்டையும் சேர்த்துப் புதைக்க வேண்டியதுதான்.

பெரிய கம்பெனிகளிடமும் இது நடக்கும். அமெரிக்காவின் சோனோஸ் கம்பெனி 2020 ஜனவரியில், தன் பழைய கருவிகள் சிலவற்றுக்கு அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு புது மென்பொருள் வராது என்று அறிவித்தது. கூம்பு நன்றாக இருக்கிறது, ஆம்பிளிஃபயர் நன்றாக இருக்கிறது, மென்பொருளுக்கு மட்டும் வயதாகிவிட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகு கம்பெனித் தலைவர் வருத்தம் தெரிவித்து, இருப்பவை தொடர்ந்து இயங்கும் என்று விளக்கம் சொன்னார். மறுபக்கம் பாருங்கள். இங்கிலாந்தின் பி.பி.சி. 1970-களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சின்ன பாசிவ் பெட்டியை ஐம்பது வருஷம் கழித்தும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதற்கு மென்பொருள் கிடையாது. இரண்டு ஒயர் கொடுத்தால் பாடும்.

இரண்டாவது காரணம் கரண்டு. இங்கேயும் நியாயமாகப் பேச வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் இன்றைய ஆக்டிவ் பெட்டிகள் பெரும்பாலும் தாங்கும். அவற்றின் பவர் சப்ளை 100 வோல்ட் முதல் 240 வரைக்கும் வேலை செய்யும்படி இருக்கும். நம் ஊர் அசம்பிள் ஆம்பிளிஃபயர்தான் லோ வோல்டேஜில் முனகும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் அதன் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்' என்று இரையும். ஆனால் பொருளைக் கொல்வது லோ வோல்டேஜ் இல்லை, ஹை வோல்டேஜ். நம் தெரு மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். மரக்கிளை விழுந்து நியூட்ரல் மட்டும் அறுந்தால், 230 வரவேண்டிய வீட்டில் 300, 350 என்று ஏறிவிடும். கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலை மறந்தவர் யார்?

அப்படி ஏறினால் தனி ஆம்பிளிஃபயரும்தான் போகும். மறுக்கவில்லை. ஆனால் போவது ஆம்பிளிஃபயர் மட்டும். ஸ்பீக்கர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேறு ஆம்பிளிஃபயர் இணைத்தால் மறுநாளே பாடும். இன்னொன்று, பாதுகாக்க வேண்டியது ஒரே ஒரு பிளக். ஹை கட் உள்ள ஒரு ஸ்டெபிலைசர் போதும். ஆக்டிவ் ஜோடிக்கு அறையின் இரண்டு மூலையிலும் பிளக் வேண்டும், இரண்டுக்கும் பாதுகாப்பு வேண்டும், இரண்டின் எர்த்தும் சரியாக இல்லாவிட்டால் ஓயாத இரைச்சல் வேறு. சுவிட்ச் பெரும்பாலும் பெட்டியின் முதுகில் இருக்கும். குனிந்து கைவிட்டு அணைக்க முடியாமல் அப்பா அதை இருபத்து நான்கு மணி நேரமும் கரண்டிலேயே விட்டுவிடுவார். இடி மின்னல் ராத்திரியில் அது ஆபத்து. ஆம்பிளிஃபயரில் முகப்பிலேயே சுவிட்ச். அணைத்தோமா இல்லையா என்று விளக்கைப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது காரணம் பழுது பார்க்கும் ஆள். "இப்போது மெக்கானிக் எங்கே இருக்கிறார்கள் டீச்சர்?" என்று கேட்பீர்கள். முன்பு போல இல்லை, உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் இந்த ஒரு கலை இன்னும் சாகவில்லை. சென்னை ரிச்சி தெருவிலிருந்து போர்டு வாங்கி வந்து ஆம்பிளிஃபயர் கட்டாத ஊர் உண்டா? 4440 ஐசி என்றால் நம் ஊர் ஆட்டோ ஓட்டுநருக்குக் கூடத் தெரியும். சான்யோ கம்பெனியின் அந்தச் சிறு ஐசியை நம்பி ஒரு தலைமுறையே பாட்டுக் கேட்டது. மைக் செட் வைத்திருப்பவர், டிவி மெக்கானிக் எவரும் தனி ஆம்பிளிஃபயரைத் திறந்து பார்ப்பார், பியூஸ் மாற்றுவார், கண்டென்சர் மாற்றுவார். எலி கடித்த கூம்புக்குப் புதுக் கூம்பு ஒட்டித் தருபவர் சிதம்பரத்திலோ விருத்தாசலத்திலோ கிடைப்பார். பெட்டிக்குள் அடைத்த நுணுக்கமான போர்டை அவர்கள் தொட மாட்டார்கள். அது அவர்கள் குறை இல்லை. சுற்றுப்படமும் தருவதில்லை, உதிரியும் தருவதில்லை. பழுது நீக்கும் உரிமை பற்றி ஆராய 2022-ல் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவையே அமைத்தது. சட்டம் வரட்டும். அதுவரை திறக்கக்கூடிய பொருளை வாங்குவது நம் கையில் இருக்கிறது. நாம் அப்படி வாங்கினால்தான் அந்தக் கடைவீதி மெக்கானிக்கும் பிழைப்பார்.

இனி எண்கள். விற்பனையாளர் உங்களை மயக்குவது இங்கேதான்.

பெட்டி மேல் 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போங்கள். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். எவ்வளவு வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல் என்று எழுதியிருந்தால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் கேட்கும் என்று பொருள். தூரம் இரண்டு மீட்டரானால் 6 குறைந்து 81. இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 கூடி 84. வீட்டில் நிதானமாகப் பாட்டுக் கேட்க 70 டெசிபெல் தாராளம். அதாவது 14 டெசிபெல் மிச்சம். 10 டெசிபெல் என்பது பத்து மடங்கு, 14 என்பது இருபத்தைந்து மடங்கு. ஆகவே ஒரு பெட்டிக்கு ஒரு வாட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் செலவாகிறது! தவில்காரர் திடீரென்று ஓங்கி ஒரு அடி அடித்தால் 20 டெசிபெல் எகிறும், அதற்கு நூறு மடங்கு வேண்டும். அப்போதும் 4 வாட்தான். பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு உண்மையான 25, 30 வாட் ஆம்பிளிஃபயர் போதும் போதும் என்றாகிவிடும். மீதிப் பணத்தை நல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்கள். பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாய் ஸ்பீக்கருக்கு, மூன்று ரூபாய் ஆம்பிளிஃபயருக்கு, ஒரு ரூபாய் ஸ்டெபிலைசருக்கும் ஒயருக்கும். இது என் கணக்கு.

ஒயர் என்றதும் மீட்டர் ஆயிரக்கணக்கில் விற்பதைப் பார்த்துப் பயந்து, "ஒயர் தொல்லையே வேண்டாம், ஆக்டிவ் வாங்கிவிடுகிறேன்" என்பவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பில் சொன்ன மின்தடைப் பாடத்தை எடுங்கள். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, மீட்டருக்கு 0.0115 ஓம். ஐந்து மீட்டர் தூரம் என்றால் போக வர பத்து மீட்டர், மொத்தம் 0.115 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். நூற்றுக்கு ஒன்றரை பங்கு கூட வரவில்லை. எலக்ட்ரிகல் கடைச் செம்பு ஒயரே போதும். பிளஸ், மைனஸ் மாறாமல் இணைத்தால் சரி. ஒரு பெட்டியில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் காணாமல் போகும். அதைத்தான் பலர் "ஸ்பீக்கர் சரியில்லை" என்கிறார்கள்.

ஓம் இன்னொரு இடத்திலும் முக்கியம். ஆம்பிளிஃபயரின் பின்னால் 8 ஓம் என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், சூடேறிவிடும். ஆக்டிவில் இந்தக் கவலை இல்லை, அது ஆக்டிவின் நியாயமான ஒரு வசதி. பாசிவ் வாங்குபவர் இந்த ஒரு எண்ணைப் பார்த்து வாங்கினால் அந்த வசதி இங்கேயும் வந்துவிடுகிறது.

நான்காவது காரணம், எனக்கு மிக முக்கியமானது, காது. சுரங்கம், சர்க்கரை ஆலை, அரிசி ஆலை, பஸ் எஞ்சின் என்று சத்தத்துக்குள் வாழ்ந்த காதுகளில் முதலில் தேய்வது சுமார் 4000 ஹெர்ட்ஸ் பக்கம். வயது கூடினால் அதற்கு மேலுள்ள கூர்மையான ஒலிகளும் தேயும். பாடகரின் சொல் தெளிவு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் அப்பாக்கள் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள், அம்மாக்கள் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். சாதாரண ஆம்பிளிஃபயரில் பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு குமிழ் இருக்கும். ட்ரெபிளைக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பினால் வால்யூமைக் கூட்டாமலே சொல் புரியும். எங்கள் அண்ணன் அதைத் தானே கண்டுபிடித்தார். சீர்காழியின் பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது என்றார். ஆக்டிவ் பெட்டிகளிலும் இந்த வசதி உண்டு, ஆனால் முதுகில் சின்னச் சுவிட்சாகவோ போன் ஆப்பிலோ இருக்கும். ஆப்பைத் திறக்க பாஸ்வேர்டு, பாஸ்வேர்டுக்கு ஓ.டி.பி., ஓ.டி.பி. வருவது மகனின் நம்பருக்கு. எதற்கு இந்த வம்பு? குமிழுக்கு மொழி வேண்டாம், கண்ணாடி கூட வேண்டாம், கை போதும். இன்னொன்றும் சொல்கிறேன். ஸ்பீக்கர் வாங்கும் முன் ஒரு முறை அப்பாவைக் காது பரிசோதனைக்கும் அழைத்துப் போங்கள்.

எது வாங்கினாலும் வைக்கும் இடம் அதைவிட முக்கியம். ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவில் திணிக்காதீர்கள். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி முன்னால், ட்வீட்டர் உட்கார்ந்தவரின் காது உயரத்தில், இரண்டு பெட்டிக்கும் நடுவே ஆறேழு அடி, கேட்பவரும் ஏறக்குறைய அதே தூரத்தில். ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். நம் வீடுகள் கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், அதனால் எதிரொலி அதிகம். தரையில் ஒரு கோரைப்பாய், ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை போட்டால் ஆயிரக்கணக்கில் செலவு செய்த மாதிரி ஒலி மாறும்.

சரி, ஆக்டிவ் யாருக்கு? வாடகை வீட்டில் வருஷத்துக்கு ஒரு முறை மாறும் பிள்ளைகளுக்கு. மேசை மேல் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக் கேட்பவர்களுக்கு. பாட்டு, வீடியோ எடிட்டிங் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு, அவர்கள் கேட்பதில் கலப்படம் இருக்கக்கூடாது. ஒயர் ஓட்ட இடமே இல்லாத சின்ன ஃப்ளாட்டுக்கு. அவர்கள் வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒயர் மூலம் இணைக்கும் சாதாரணத் துளை இருக்கிறதா, ஆப் இல்லாமல் இயங்குமா, போர்டு தனியாகக் கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்டு வாங்குங்கள். ப்ளூடூத் வேண்டுமென்றால் பாசிவ்காரர்களும் ஆம்பிளிஃபயரில் ஒரு சின்ன ப்ளூடூத் ரிசீவர் சொருகிக்கொள்ளலாம். அது கெட்டால் அதை மட்டும் தூக்கிப் போடலாம்.

போனிலேயே எல்லாம் கேட்கிறதே, இதெல்லாம் தேவையா என்றும் சிலர் கேட்கிறீர்கள். பேஸ் கிட்டாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போவதை போனில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் கேட்டதே இல்லை. அதைவிட முக்கியம், போனில் ஒருவர்தான் கேட்க முடியும். கூடத்தில் ஸ்பீக்கர் இருந்தால் அடுப்படியில் இருப்பவரும் கேட்பார், திண்ணையில் இருப்பவரும் கேட்பார், எதிர் வீட்டுப் பாட்டி வந்து உட்கார்ந்து, "இது எந்தப் படம்?" என்பார். தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு அந்த ஒரு பேச்சு எவ்வளவு பெரிய மருந்து என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே ஓசூர், சிங்கப்பூர், தங்கை மகன் மூன்று பேருக்கும் என் பதில் இது. 8 ஓம், 87 டெசிபெலுக்குக் குறையாத இரண்டு வழி பாசிவ் ஜோடி, ரப்பர் விளிம்பு உள்ளது. பேஸ், ட்ரெபிள், வால்யூம் குமிழும் முகப்பில் சுவிட்சும் உள்ள 30 வாட் ஆம்பிளிஃபயர். ஹை கட் ஸ்டெபிலைசர். செம்பு ஒயர். வரும் லீவில் நீங்களே நேரில் வந்து மாட்டிக் கொடுங்கள், கொரியரில் அனுப்பாதீர்கள். மாட்டியதும் நீங்கள் கை வைக்காமல் தள்ளி நின்று, அப்பாவை ஆன் செய்யச் சொல்லுங்கள். யாரையும் கேட்காமல் அவரே பாட்டுப் போட்டுவிட்டால் நீங்கள் வாங்கியது சரியான செட். இல்லையென்றால் அது எவ்வளவு விலையானாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். வாங்கப் போகும் மாடலின் படத்தை அனுப்பினால் பின்பக்கப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முன்பக்கம் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சேத்தியாத்தோப்பு